பிள்ளையார் தொப்பைக்கு வைத்திருந்த டேப்

கொளஞ்சி, முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. என் இடுப்பு முப்பத்தாறு இல்லை. நாற்பதரை.

முந்தாநாள் நீ போன் பண்ணி, மாசக் கடைசியில் சென்னையில் உங்கள் கம்பெனி நடத்துகிற பெரிய கூட்டத்துக்கு நான் வர வேண்டும், மேடையில் ஏறி அந்தக் கடல்பாசி கேப்சூலைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டாய். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. “இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்” என்று போனை உன் அம்மா கையில் திணித்துவிட்டு, மாடே இல்லாத வீட்டில் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிறவன்போலத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். அதற்கான பதில்தான் இது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் உன் பேச்சுக்கு மயங்கிச் சரி என்று சொல்லிவிடுவேன். எழுத்தில் அந்த ஆபத்து இல்லை. நான் பத்தாவதில் கணக்கில் தவறியவன் என்பது உனக்குத் தெரியும். ஏன் தவறினேன் என்பது இந்தக் கடிதம் முடிவதற்குள் உலகத்துக்கே தெரிந்துவிடும். உலகத்துக்கு என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நான் பேசிய வீடியோ ஊரெல்லாம் போனது. அதைத் திருத்துகிற கடிதத்தை மட்டும் ஒட்டி மூடி உனக்கு அனுப்பினால் நியாயமில்லை. ஆகவே இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். உனக்கு மேலே இருக்கிற மேடத்துக்கு முதலில் காட்டினாலும் எனக்கு வருத்தமில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தொழிற்பேட்டையில் எங்கள் பொம்மை யூனிட்டில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்களே, அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. என் ரத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா, “கெட்ட கொழுப்பு கூடுதலா இருக்குது. ராத்திரி ஒரு மாத்திரை போடுங்க, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைங்க, நடங்க” என்று சொன்னார். அதை நான் உன்னிடம் ஒரு பெருமைபோலத்தான் சொன்னேன். இந்த வயதில் எனக்கு ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கிறதே என்ற சந்தோஷம். நீ பயந்துபோனாய். அடுத்த வாரமே பச்சை மூடி போட்ட டப்பா ஒன்று கூரியரில் வந்து இறங்கியது. உன் அம்மா அதன் மேலே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். “பாலி... பீனால். ஏங்க, இது பினாயில் இல்ல? கக்கூசுக்கு ஊத்தறதைப் போயி வாயில போடச் சொல்றானா உங்க புள்ள?” என்றாள். நீ அன்றைக்குப் பொறுமையாக விளக்கம் சொன்னாய். கடலில் விளையும் பழுப்புப் பாசியில் பாலிபீனால் என்று ஒரு சத்து இருக்கிறது, அதைப் பிரித்தெடுத்து மாத்திரைக் கூட்டில் அடைக்கிறார்கள், அது சாப்பாட்டுக் கொழுப்பை உடம்பில் சேரவிடாது, எடையும் குறையும், கொழுப்பும் குறையும் என்று. எனக்குப் பாதி புரிந்தது. மூடியைத் திறந்தால் மீன் மார்க்கெட் வாசனை அடித்தது மட்டும் முழுசாகப் புரிந்தது. உன் அம்மா தனக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் மறுநாள் காலையிலிருந்து போட ஆரம்பித்தேன்.

ஏன் அவ்வளவு சிரத்தையாகப் போட்டேன் என்று உனக்குத் தெரியாது. கொழுப்புக்காக இல்லை. அதற்கு முன்னால் நம் இரண்டு பேர் போன் பேச்சு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். “சாப்டீங்களாப்பா?” “சாப்ட்டேன்.” “அம்மா இருக்காங்களா?” அவ்வளவுதான். நான் போனைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு நடக்கிற நேரம்தான் நாம் இருவரும் சேர்ந்திருக்கிற நேரம். நீ என்னிடம் அரைமணி நேரம் பேசியது கடைசியாக எப்போது என்று யோசித்தால், பைக் கேட்டபோதுதான். கேப்சூல் வந்த பிறகு தினமும் காலையில் என் போன் அடித்தது. “அப்பா, போட்டீங்களா? வயிறு எப்படி இருக்குது? பசி குறைஞ்சுதா?” என்று நீ கேட்கிறாய். நான் என் வயிற்றைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். சொல்ல ஒன்றுமில்லாத நாளில் கொஞ்சம் சேர்த்தும் சொல்லியிருக்கிறேன். அந்த டப்பாவுக்குள் கடல்பாசி இருந்ததோ இல்லையோ, உன் குரல் இருந்தது. அதனால் அது வேலை செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. உனக்கு இருந்ததைவிட எனக்குத்தான் அதிகம். அந்த ஆசைதான் என்னைக் கவிழ்த்தது.

டப்பா வந்த அன்றைக்கு உன் அம்மா தன் தையல் டேப்பால் என் இடுப்பை அளந்து, அடுத்த வீட்டுக்கும் கேட்கிற மாதிரி “நாப்பத்தொண்ணு!” என்று அறிவித்தாள். அது சரியான அளவு. சில மாதம் கழித்து டாக்டரம்மா மறுபடி ரத்தம் பார்த்து, கொழுப்பு குறைந்திருக்கிறது என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோ காலில் வந்தாய். உன் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தையல் பெட்டி பூட்டியிருந்தது. “அப்பா, இப்ப எவ்ளோ இருக்குதுன்னு அளந்து காட்டுங்க. நான் ரெக்கார்டு பண்றேன்” என்று சொன்னாய். நான் என் வேலைப் பையைத் துழாவி ஒரு டேப்பை எடுத்தேன்.

“இரு, மூச்சை விட்டுக்கறேன்.”

“மூச்செல்லாம் புடிக்கக் கூடாதுப்பா.”

“புடிக்கலடா. வயித்த நல்லா விட்டுத்தான் நிக்கறேன். இதோ பாரு... முப்பத்தாறு!”

“அப்பா! அஞ்சு இஞ்ச்!”

நீ போட்ட சத்தத்தில் சுவரிலிருந்த பல்லி விழுந்து ஓடியது. நான் ஏதோ தேர்வில் பாஸ் பண்ணியவன்போல நின்றேன். பாஸ் பண்ணுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வேகத்தில்தான் போனைப் பார்த்து அந்த வசனத்தைச் சொன்னேன். “நான் வேற ஒண்ணும் பண்ணலைங்க. எம் புள்ள அனுப்புன கடல்பாசி கேப்சூல்தான் போடறேன். இடுப்பு அஞ்சு இஞ்சு கொறஞ்சிடுச்சு. கொழுப்பும் கொறஞ்சிருக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க.” நீ அதை உன் கம்பெனிக்கு அனுப்பினாய். ‘என் அப்பா’ என்று தலைப்புப் போட்டு அவர்கள் வெளியிட்டார்கள். ஆபீசில் எல்லோருக்கும் நீ நாதன்தான். கொளஞ்சிநாதனில் கொளஞ்சியை விருத்தாசலத்திலேயே இறக்கிவிட்டுத்தான் நீ ரயில் ஏறினாய். அப்படிப்பட்டவன், கைலியும் முண்டா பனியனுமாக நிற்கிற என்னைக் காட்டி ‘என் அப்பா’ என்று போட்டிருந்ததை எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே. போனில் சார்ஜ் நிற்பதே இல்லை என்று உன் அம்மா திட்டும் அளவுக்குப் பார்த்தேன்.

ஊரில் எனக்கு வந்த மரியாதையையும் சொல்ல வேண்டும். பாலக்கரை டீக்கடையில் எனக்குக் கேட்காமலே சர்க்கரை குறைத்துப் போட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர், “அஞ்சு இஞ்சு அண்ணன் ஏறிட்டாரு, போலாம் ரைட்” என்றார். இதெல்லாம் தலைக்கு ஏறியதால், சேத்தியாத்தோப்பில் உன் அத்தை மகள் கல்யாணத்துக்கு வேட்டி கட்டாமல் பேண்ட் போட்டுக்கொண்டு போவது என்று முடிவெடுத்தேன். கடைவீதி டெய்லரிடம் துணியைக் கொடுத்தேன். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அளவெல்லாம் எதுக்குப்பா? முப்பத்தாறு போடு.”

“ஒருக்கா அளந்துடலாமேண்ணே. பாத்தா அப்படித் தெரியலையே.”

“நீ வீடியோ பாக்கலையா?”

“பாத்தேன், பாத்தேன். மொபைல்ல ஒல்லியாத்தான் தெரிஞ்சீங்க” என்று அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பேண்ட் வந்தது. போட்டுப் பார்த்தேன். தொடை வரை வந்து நின்றது. மூச்சைப் பிடித்து, கட்டிலில் மல்லாந்து படுத்து, உன் அம்மாவை ஒரு பக்கம் இழுக்கச் சொல்லி, என்னென்னவோ செய்தும் பட்டனும் ஓட்டையும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டனவே தவிரச் சேரவில்லை. டெய்லரைத் திட்டினேன். துணி சுருங்கிவிட்டது என்று சொன்னேன். உன் அம்மா தன் டேப்பை எடுத்து வந்து என்னைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினாள். “நாப்பதரை” என்றாள். அப்புறம், “அன்னைக்கு எந்த டேப்பால அளந்தீங்க? அதை எடுங்க” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தாள். அவள் டேப்பில் ஒன்பது என்று இருந்த இடத்துக்கு நேராக என் டேப்பில் எட்டு என்று இருந்தது. அந்த எட்டை எழுதியது என் கைதான்.

உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பொம்மைகளுக்கு அச்சு செய்கிறவன். பச்சை மண்ணில் வார்த்த பொம்மை காய்ந்து, சூளையில் வெந்து வெளியே வரும்போது சுருங்கிவிடும். எங்கள் மண் ஒன்பது அங்குலம் உள்ளே போனால் எட்டாகத் திரும்பி வரும். கடைக்காரர் எட்டு அங்குலப் பிள்ளையார் கேட்டால், அச்சை ஒன்பதுக்குச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் என் கணக்குக்குப் பிள்ளையார் யானையாக வந்து நிற்பார் என்று, ரெக்சின் துண்டு ஒன்றில் ஒன்பது அங்குலத்தை எட்டாகப் பிரித்துக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதன் அங்குலம் ஒவ்வொன்றும் கொஞ்சம் நீளம். பிள்ளையார் தொப்பை உருண்டையாக இருப்பதால், சுற்றி அளக்க அதுதான் வசதி. அந்த டேப்பைத்தான் நான் என்னைச் சுற்றிக் கட்டினேன். உன் அம்மா தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “பிள்ளையாரு தொப்பைக்கு வெச்சிருந்த டேப்பையா சுத்துனீங்க? அவராச்சும் சூளைக்குப் போனா சுருங்குவாரு. உங்கள எந்தச் சூளையில வெக்கறது?” என்றாள். யோசித்துப் பார்த்தால் அந்த டேப் பொய் சொல்லவில்லை. வேகவைத்து எடுத்தால் நான் சரியாக முப்பத்தாறுதான் வருவேன்.

கொளஞ்சி, அந்த டேப்பை உனக்கும் தெரியும். நீ ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது ஸ்கூலில் வாலிபால் டீமுக்கு உயரம் பார்த்து ஆள் எடுத்தார்கள். நீ வீட்டில் என் பையிலிருந்து அதே டேப்பை எடுத்துச் சுவரோரம் நின்று அளந்துவிட்டு, யூனிட்டுக்கே அழுதுகொண்டு ஓடி வந்தாய். “அப்பா, நான் குள்ளமாயிட்டேம்ப்பா. போன மாசத்தவிட கொறஞ்சுட்டேன்.” யூனிட்டே சிரித்தது. நான் உன்னைத் தூக்கி மேசைமேல் நிற்க வைத்து, நல்ல டேப்பால் அளந்து காட்டி, “இது மனுசன் டேப்பு இல்லடா, பொம்மை டேப்பு” என்று சொன்னேன். நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரண்டு டேப்பையும் வைத்துப் பார்த்து, நீயே ஒரு தடவை அளந்து, அப்புறம்தான் நம்பினாய். இந்த வாரம் முழுக்க நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அளவு குறைந்ததும் நீ அழுதாய். அதனால் இன்னொரு டேப்பைத் தேடினோம். இந்தத் தடவை அளவு குறைந்ததும் இரண்டு பேரும் குதித்தோம். அதனால் தேடவில்லை. மனசுக்குப் பிடிக்காத அளவு வந்தால்தான் மனுசன் மறுபடி அளக்கிறான். பிடித்த அளவு வந்தால் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறான். உனக்கு நான் சொல்ல நினைக்கிற புத்திமதி என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான். சொல்கிற தகுதி எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் இது கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிக்கிற கதையாகப் போயிருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் யாரிடம் சொல்லலாம் என்று பார்த்து, மங்கலம்பேட்டை ஜமால் பாய் கடைக்குப் போனேன். உனக்கு அவரை ஞாபகம் இருக்கும். நெஞ்சு வலி வந்து துபாய் வேலையை விட்டுவிட்டு வந்து, ஃபேன்ஸி ஸ்டோர் வைத்து, நம் யூனிட் பொம்மைகளை வாங்கி விற்கிறாரே, அவர்தான். எதைச் சொன்னாலும் தொடையில் தட்டிச் சிரிக்கிற மனுசன். நான் கட்டிலில் மல்லாந்து படுத்ததை நடித்தே காட்டினேன். பாய் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து பச்சை மூடி டப்பா ஒன்றை எடுத்து வைத்தார்.

“மேஸ்திரி, உங்க வீடியோவப் பாத்துட்டுத்தான் நானும் வாங்கினேன்.”

“வாங்குனா வாங்கிட்டுப் போறீங்க பாய். அதுல என்னா இருக்குது?”

“இத ஆரம்பிச்சதுமே அந்தக் கொழுப்பு மாத்திரைய நிறுத்திட்டேன். ரெண்டு எதுக்குன்னு.”

“எந்த மாத்திரை? நெஞ்சு வலிக்கு அப்பறம் குடுத்ததா?”

“அதான். நீங்கதானே சொன்னீங்க, வேற ஒண்ணும் பண்ணல, இது மட்டும்தான்னு.”

“ஐயோ பாய், நான் ராத்திரி மாத்திரை போடறேனே!”

“வீடியோல அத சொல்லலையே மேஸ்திரி.”

உன் அம்மா தினமும் ராத்திரி தோசைத் தட்டின் ஓரத்தில் ஊறுகாய் வைப்பதுபோல அந்த மாத்திரையை வைக்கிறாள். நான் அதையும் தோசையோடு சேர்த்து விழுங்குகிறேன். அது ஒரு மருந்து என்றே என் மனசில் பதியவில்லை. வடை போண்டாவை அவள் நிறுத்தியதும், பால் வாங்க என்னை நடக்க விட்டதும்கூட என் கணக்கில் வரவில்லை. மீன் வாசனையோடு வந்தது எதுவோ அதுதான் மருந்து என்று நினைத்தேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் நீ கேட்டாய். என் ரத்தத்தில் கொழுப்பு குறைந்தது உண்மை. எதனால் குறைந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி ஊருக்குச் சொன்னேன். பாயிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். “நான் படிக்காதவன் இல்ல மேஸ்திரி, எனக்கும் புத்தி இருந்திருக்கணும். ஆனா வெளம்பரத்துல வர்ற ஆளு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். நீங்க சொன்னீங்க” என்றார்.

உடனே கடையை மூடச் சொல்லி, பஸ் ஏற்றி, விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்கு அதே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். பாயை உள்ளே படுக்கவைத்து இதயத்தைப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் என் இடுப்பு நிஜமாகவே இரண்டு அங்குலம் குறைந்திருக்கும். கடைசியில் டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார். “இதயத்துக்கு இப்போதைக்கு ஒண்ணும் ஆகல. ஆனா கொழுப்பு நல்லா ஏறியிருக்குது. ஒருதடவை நெஞ்சு வலி வந்தவரு இந்த மாத்திரைய தானா நிறுத்தவே கூடாது. இன்னைக்கு ராத்திரியே போட ஆரம்பிச்சிடணும்.” நான் டப்பாவைக் காட்டி, அப்படியானால் இது ஏமாற்று வேலையா என்று கேட்டேன். “அப்படிச் சொல்ல மாட்டேன். கடல்பாசில இருக்கற இந்தச் சத்தப் பத்தி ஆராய்ச்சி நடக்குது. சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், உதவாமலும் போகலாம். ஆனா மாத்திரைக்குப் பதில் இது இல்ல. போடறதா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லிட்டுப் போடணும்” என்றார். அப்புறம் திடீரென்று, “உங்க வீட்டம்மாவுக்குத் தைராய்டு இருக்குதே, அவங்க இதப் போடறாங்களா?” என்று கேட்டார். இல்லை, பினாயில் என்று நினைத்துத் தொடவே இல்லை என்றேன். “நல்லதாப் போச்சு. கடல்பாசில அயோடின் இருக்கும். தைராய்டு உள்ளவங்க கேக்காமப் போடக் கூடாது” என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதிலிருந்து உன் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. இனி உன் கம்பெனி எது விற்றாலும் முதலில் தன்னிடம் காட்டச் சொல்கிறாள்.

பாயைப் பஸ் ஏற்றிவிடும்போது, மனசு லேசாகிவிட்டது என்று நினைத்தேன். அவர் படியில் கால் வைத்தபடி திரும்பி, “என்கிட்ட வந்து சொல்லிட்டீங்க மேஸ்திரி, நல்லது. ஆனா அந்த வீடியோவ நான் துபாய்ல இருக்கற எம் மச்சானுக்கு அனுப்பியிருக்கேன். அவனுக்கும் அதே கொழுப்பு மாத்திரதான். அவன் ரூம்ல இருக்கறவங்களுக்கெல்லாம் அனுப்பியிருப்பான். நான் அவன்கிட்ட பேசிடறேன். மத்தவங்கள நீங்க பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு ஏறினார்.

மற்றவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மங்கலம்பேட்டைக்குப் பஸ் இருக்கிறது, போனேன். துபாய்க்கு விருத்தாசலத்திலிருந்து பஸ் இல்லையே. என் தொப்பையை நம்பி யார் யார் வீட்டில் எந்த மாத்திரை நின்றிருக்கிறதோ, அவர்களிடம் போய்ச் சேர என்னால் முடியாது. உன்னால்தான் முடியும். அதனால்தான் இந்தக் கடிதம். அந்த வீடியோவை எடுத்துவிடு. எடுத்தால் மட்டும் போதாது, பார்த்தவர்களுக்கு அது தப்பு என்று தெரிய வேண்டும். அது எந்த வழியாகப் போனதோ அதே வழியாக இதுவும் போக வேண்டும்.

இதைச் செய்தால் உனக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் எழுதவில்லை. உன் கம்பெனியில் அதிகம் பேர் பார்த்த வீடியோ அதுதான் என்று சொன்னாய். கூட்டத்தில் நான் வந்து நின்றால், இந்தப் பக்கத்து மாவட்டங்களுக்கெல்லாம் உன்னையே பொறுப்பாளராகப் போடுவதாக மேடம் சொன்னதையும் சொன்னாய். இப்போது இதைக் கொண்டுபோய் நீட்டினால் முகம் சுளிப்பார்கள். ‘உங்க அப்பாவுக்கு அளக்கத் தெரியாதா?’ என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லு. அது உண்மைதானே. தப்பு முழுக்க என்னுடையது. நீ என்மேல் இருந்த அக்கறையில் அனுப்பினாய், நான் உன்மேல் இருந்த ஆசையில் அளந்தேன். இரண்டு பேரும் நல்லது நினைத்தோம், நடுவில் ஒரு மனுசன் மாத்திரையை நிறுத்திவிட்டான். உன் பொருள் நல்ல பொருளாக இருந்தால் என் தொப்பை இல்லாமலும் விற்கும். என் தொப்பை இல்லாவிட்டால் விற்காது என்று உன் மேடம் சொன்னால், அந்த வேலையில் நீ எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதை நீயே முடிவு செய். நான் சொல்ல மாட்டேன். நீ எதைச் செய்தாலும் நம் வூட்டுக் கதவு திறந்துதான் இருக்கும்.

இன்னொன்று, இதை உரக்கப் படிக்கும்போது விட்டுவிடு. நீ கடைசியாக அனுப்பிய டப்பா தீர்ந்துவிட்டது, அடுத்தது அனுப்ப வேண்டாம். டாக்டரம்மா சொன்னபடி மாத்திரையும் நடையுமாக நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் காலையில் போன் அடிப்பதை நிறுத்தாதே. பேச விஷயம் இல்லாவிட்டால் வயிறு எப்படி இருக்கிறது என்றே கேள். நாற்பத்தொன்று நாற்பதரை ஆகியிருக்கிறதே, அந்த அரை அங்குலம் நிஜம். அது கடல்பாசியா, மாத்திரையா, உன் அம்மா நிறுத்திய வடையா என்று தினமும் பேசினாலும் நமக்கு வருஷக் கணக்கில் வரும்.

கடைசியாக, நீ கேட்டதற்குப் பதில். பேண்ட்டை டெய்லரிடம் திருப்பிக் கொண்டுபோனேன். பிரித்து விடத் தையலுக்குள் துணி இல்லை என்று கைவிரித்துவிட்டார். உன் அம்மாதான் பின்பக்கத்தைப் பிரித்து, நாலரை அங்குலத்துக்குத் தன் பழைய பச்சை ரவிக்கைத் துணியை வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். இப்போது சுகமாக இருக்கிறது. சட்டையை வெளியே விட்டால் தெரியாது. கல்யாணத்துக்கு அதைத்தான் போடப் போகிறேன். யாராவது எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டால் சட்டையைத் தூக்கிக் காட்டுவதாக இருக்கிறேன். உங்கள் கூட்டத்துக்கும் வரச் சொன்னால் வருகிறேன் கொளஞ்சி, வர மாட்டேன் என்று சொல்லவில்லை. அதே பேண்ட்டில்தான் வருவேன். மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, நான்தான் நாதனுடைய அப்பா என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பேன். அந்த நேரத்தில் நீ மேடைக்குக் கீழே இருப்பாயா, என் பக்கத்தில் வந்து நிற்பாயா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. பக்கத்தில் நிற்பதாக இருந்தால், சட்டையை நீயே தூக்கிப் பிடித்துக்கொள். எனக்குப் பின்னால் கை எட்டாது.

உன் அப்பா